தாள் செழிக்கிறது, காய் பெருக்கவில்லை: வடசென்னை மாடியில் பெரிய வெங்காயம்

பங்குனிக் கடைசி ஞாயிறன்று, தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் மாடித்தோட்டம் வைத்திருப்பவர்கள் விளைந்ததையெல்லாம் ஒரே மேசையில் கொண்டுவந்து வைப்போம். கத்தரி, வெண்டை, புடலை எல்லாம் வரும். தராசு வைப்பது வெங்காயத்துக்கு மட்டும். அந்த நாள் நெருங்க நெருங்க, செடியைப் பையோடு தூக்கிக்கொண்டு என் வீட்டு மாடிப்படி ஏறுபவர்களும் கூடுவார்கள். "அண்ணா, இதற்கு என்ன ஆயிற்று என்று பாருங்கள்" என்று அவர்கள் காட்டிய குறைகளையும், என் பைகளில் நானே பட்டுத் தெரிந்துகொண்டவற்றையும் அறிகுறி வாரியாக எழுதுகிறேன். உங்கள் செடியில் தெரிவது எதுவோ அந்தப் பகுதிக்கு நேராகப் போகலாம். அடுத்த பத்தியை மட்டும் எல்லோரும் படித்துவிடுங்கள்.

வெங்காயத்தைக் குறுக்கே நறுக்கினால் தெரியும் ஒவ்வொரு வளையமும் ஒரு தாளின் அடிப்பகுதி. தாள் எத்தனை, எவ்வளவு பருமன் என்பதை வைத்தே காயின் எடை அமைகிறது. காய் கட்டத் தொடங்கிவிட்டால் செடி புதுத் தாள் விடுவது நின்றுபோகும். இருக்கிற தாள்களின் சத்தைக் கீழே இறக்கும் வேலைதான் மிச்சம். எட்டுத் தாளோடு காய் கட்டிய செடிக்கு அதன்பிறகு எதை ஊட்டினாலும் பன்னிரண்டு தாள் செடியின் எடை வராது. மாசியில் காயில் தெரியும் குறைக்குக் காரணத்தை மார்கழித் தாளில் தேட வேண்டும் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

அளவைப் பற்றியும் ஒரு வார்த்தை. உலகச் சாதனை வெங்காயம் 8.97 கிலோ. கெர்ன்சித் தீவின் கேரத் கிரிஃபின் 2023-இல் இங்கிலாந்தின் ஹாரோகேட் கண்காட்சியில் வைத்தது. கெர்ன்சியில் ஜூன் மாதப் பகல் 16 மணி நேரத்துக்கும் மேல். நம் மாடியில் எனக்குக் கிடைத்த பெரிய காய் 410 கிராம். கடையில் வாங்கும் பெல்லாரி வெங்காயம் பெரும்பாலும் 100 கிராமை ஒட்டியே இருக்கும். அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் 410 கிராம் என்பது இரண்டு கையால் ஏந்த வேண்டிய காய்.

விதை முளைக்கவே இல்லை

வெங்காய விதைக்கு ஆயுள் குறைவு. ஓர் ஆண்டு கடந்தாலே முளைப்புத் திறன் சரிந்துவிடும். கடற்காற்றின் ஈரம் ஏறும் நம் வீடுகளில் இன்னும் சீக்கிரம். விதைப்பதற்குப் பத்து நாள் முன்பு இருபது விதையை ஈரத்துணியில் மடித்து வையுங்கள். பதினைந்துக்குக் கீழே முளைத்தால் அந்தப் பொட்டலத்தை நம்ப வேண்டாம்.

நாற்று அடியில் நூலாகச் சுருங்கிச் சாய்கிறது

இது நாற்றழுகல். ஐப்பசி மழையில் திறந்த தட்டில் விதைத்தால் வந்தே தீரும். சாய்ந்த நாற்று மீளாது. சாய்ந்தவற்றைச் சுற்றியுள்ள மண்ணோடு அள்ளி எறிந்துவிட்டு, தண்ணீரைக் குறைத்து, தட்டைக் கூரைக்குக் கீழே வெளிச்சம் படும் இடத்துக்கு மாற்றுங்கள். அடுத்த முறை ஒரு பொட்டலம் விதைக்கு டிரைக்கோடெர்மா விரிடி என்னும் நன்மை செய்யும் பூஞ்சைத் தூள் ஒரு சிட்டிகை கலந்து, நெருக்கமில்லாமல் விதையுங்கள்.

தாள் முழங்கை உயரம், காய் மட்டும் இல்லை

ஆண்டுதோறும் அதிகமாக வரும் குறை இதுதான். ஆளுக்குள்ள வருத்தமும் இதில்தான் அதிகம். தாள் கரும்பச்சையாக, கட்டைவிரல் பருமனில் நிற்கும். மண்ணை விலக்கிப் பார்த்தால் அடி முழுக்க வெங்காயத்தாள் கட்டில் இருப்பதுபோல ஒரே பருமன்.

முதலில் விதைப் பொட்டலத்தை எடுத்துப் பாருங்கள். கெல்சே, அய்ல்சா கிரெய்க் போன்ற பெயர் இருந்தால் அங்கேயே விடை கிடைத்துவிட்டது. அவை நீண்ட பகல் ரகங்கள். பகல் 14 மணி நேரத்துக்கு மேல் போனால்தான் அவற்றுக்குக் காய் கட்டும் எண்ணமே வரும். சென்னை 13 பாகை வடக்கில் இருக்கிறது. நம் மிகக் குறுகிய பகல், டிசம்பரில், சுமார் 11 மணி 20 நிமிடம். மிக நீண்ட பகல், ஜூனில், 13 மணி நேரத்தைக்கூடத் தொடாது. அந்தச் செடி எத்தனை மாதம் காத்திருந்தாலும் அதற்கு வேண்டிய நாள் இங்கே விடியாது. அதன்மேல் உரத்தைக் கொட்டாதீர்கள். தாளை அறுத்துப் பொரியலுக்கு எடுத்துக்கொண்டு பையைக் காலி செய்யுங்கள்.

நானும் ஒரு முறை ஏமாந்தேன். இணையத்தில் விற்ற ஒருவர், குழந்தையின் தலையளவு வெங்காயப் படத்தைப் போட்டு, எல்லாத் தட்பவெப்பத்துக்கும் ஏற்றது என்று எழுதியிருந்தார். நான்கு மாதம் தண்ணீர் ஊற்றினேன். ஒரு காய்கூடத் திரளவில்லை. ஒரு பருவத்தையே இப்படிப் பறிகொடுப்பவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றும் மனம் பொறுப்பதில்லை. பொட்டலத்தில் 'குறுகிய பகல் ரகம்' என்று இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். டெக்சஸ் எர்லி கிரானோ 502 நம் மாடிக்குப் பொருந்தும். சிவப்பில் வேண்டுமானால் பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தின் அர்கா கல்யாண் நல்ல தேர்வு.

ரகம் சரியாக இருந்தும் காய் இல்லையென்றால் இரண்டு காரணம். ஒன்று, நாற்றை ஆழத்தில் புதைத்திருப்பீர்கள். வேர் மட்டும் மண்ணுக்குள் போனால் போதும், வெள்ளைக் கழுத்து வெளியே தெரிய வேண்டும். மூடியிருக்கும் மண்ணை விரலால் மெல்ல விலக்கிவிட்டால் பத்து நாளில் அடி உருளத் தொடங்குவதைக் காணலாம். மற்றொன்று தழைச்சத்து (நைட்ரஜன்). மாசி பிறந்த பிறகும் மண்புழு உரம், மீன் அமிலம், யூரியா என்று கொடுத்துக்கொண்டே இருந்தால் செடி தாளிலேயே நிற்கும். நிறுத்திவிட்டு, பொட்டாசியம் சல்பேட் ஒரு லிட்டருக்கு 3 கிராம் கரைத்து, பத்து நாள் இடைவெளியில் இரு முறை வேரில் ஊற்றுங்கள்.

காய் கட்டிவிட்டது, ஆனால் எலுமிச்சை அளவோடு நின்றுவிட்டது

மேலே சொன்னதற்கு நேர் எதிர். செடி அவசரப்பட்டுவிட்டது. குறுகிய பகல் ரகத்துக்கு நம் ஊர்ப் பகல் எந்த மாதமும் போதுமானது என்பதால், வெப்பம் ஏறினாலே அது காய் கட்டக் கிளம்பிவிடும். தை பிறந்த பிறகு நட்டவர்களுக்கு இதுதான் நடக்கும். ஐந்தாறு தாள் விடுவதற்குள் வெயில் வந்துவிடும்.

நெருக்கமும் அதே வேலையைச் செய்யும். பக்கத்துச் செடியின் தாளில் பட்டுத் திரும்பும் ஒளி, நிழல் சூழ்கிறது என்று செடிக்கு உணர்த்தி அதை முன்கூட்டியே முதிரத் தூண்டுகிறது. இரண்டடிக்கு ஓரடி பையில் பன்னிரண்டு நாற்று நட்டுவிட்டு, ஒன்றாவது பெரிதாக வரும் என்று நினைப்பவர்கள் பலர். பன்னிரண்டும் எலுமிச்சையாகத்தான் வரும். கண்காட்சிக்கு என்றால் அந்தப் பையில் மூன்று. வீட்டுச் சமையலுக்கு என்றால் எட்டு வைக்கலாம், காய் கைக்கு அடக்கமாக வரும், ருசியும் அதில்தான் அதிகம்.

இந்த ஆண்டு காயை இனி பெரிதாக்க வழியில்லை. அடுத்த ஆண்டுக்கு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள்: ஐப்பசி நடுவில் விதைப்பு, மார்கழி பிறந்ததும் நடவு. தை முடியும்வரை இரவு 20, 21 டிகிரி வரை இறங்கும். அந்த எட்டு வாரம்தான் நமக்குத் தாள் வளர்க்கக் கிடைக்கும் முழுக் காலம். அதில் வாரம் ஒருமுறை 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவு) கரைசல் உரம், லிட்டருக்கு 2 கிராம், தவறாமல் கொடுங்கள்.

தாளின் நுனி காய்ந்து வெளுத்துக் கீழிறங்குகிறது

வயதான வெளித்தாள் ஒன்றிரண்டு நுனி காய்ந்தால் பொருட்படுத்த வேண்டாம். இளந்தாளும் சேர்ந்து, எல்லாம் ஒரே அளவுக்குக் கருகினால் வடசென்னையில் முதலில் சந்தேகப்பட வேண்டியது தண்ணீரைத்தான்.

உப்பு தாங்காத காய்கறிகளில் வெங்காயம் முன்வரிசையில் நிற்கிறது. பாசன நீரின் மின்கடத்துதிறன் (உப்பு கூடக் கூட இதுவும் கூடும்) மீட்டருக்கு 0.8 டெசிசீமென்ஸைத் தாண்டினாலே விளைச்சல் குறையத் தொடங்கும். நீரில் கரைந்த உப்பைக் காட்டும், வீட்டில் இருக்கும் டி.டி.எஸ். மீட்டரில் அது ஏறத்தாழ 500. கடலோரத்தில் திருவொற்றியூரிலிருந்து ராயபுரம் வரை ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் அந்த மீட்டரை வைத்துப் பாருங்கள். எங்கள் கிணற்றில் 1,900 காட்டியது. மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததால் கடல்நீர் உள்ளே ஏறிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. காட்டுப்பள்ளியில் கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் ஆலையை 2010-இல் திறக்க வேண்டி வந்த கரையோரம் இது. இந்தத் தண்ணீரைக் குடித்து வளரும் செடிதான் நுனி கருகி நிற்கிறது.

இன்னொன்றையும் வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. குடிநீர் சுத்திகரிக்கும் ஆர்.ஓ. எந்திரம் வெளியே தள்ளும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று செடிக்கு ஊற்றுகிறார்கள். எண்ணம் நல்லது. ஆனால் வடிகட்டிய உப்பெல்லாம் சேர்ந்திருப்பது அந்தத் தண்ணீரில்தான். பாத்திரம் கழுவவும் தரை துடைக்கவும் வைத்துக்கொள்ளுங்கள். வெங்காயத்துக்கு ஒரு குவளைகூட வேண்டாம்.

சரிசெய்ய: பையின் கொள்ளளவுக்குச் சமமான நல்ல தண்ணீரை மெதுவாக, அரை நாளில் பரப்பி ஊற்றி, அடியில் வடியவிடுங்கள். குடிநீர் வாரியக் குழாய்த் தண்ணீரோ பிடித்துவைத்த மழைநீரோ எதுவானாலும் சரி. வடிந்த நீரை மீட்டரில் பார்த்தால் உப்பு இறங்குவது தெரியும். பதினைந்து நாளில் வரும் புதுத் தாள் நுனி கருகாமல் வந்தால் வென்றுவிட்டீர்கள். கருகிய பகுதி பச்சையாகாது. அதைக் கத்தரிக்கவும் வேண்டாம், வெட்டுவாயில் நோய் புகும்.

தண்ணீர் நன்றாக இருந்தும் கருகினால், கலவையில் போட்ட தென்னைநார்த் தூளைச் சந்தேகியுங்கள். கழுவாத தூளில் உப்பு இருக்கும். மூன்று முறை ஊறவைத்துப் பிழிந்த பிறகே செம்மண்ணோடும் தொழுவுரத்தோடும் சேர்க்க வேண்டும்.

தாளில் வெள்ளிப் பூச்சுபோல் கோடுகள்

இலைப்பேன். தாள்கள் பிரியும் நடுக்குருத்தை விரித்து வெள்ளைக் காகிதத்தின்மேல் தட்டினால், நகரும் மஞ்சள் துரும்புகளாக விழும். மழை விட்டு வறண்ட காற்று வீசும் தை, மாசியில் பெருகும். காலையில் குருத்துக்குள் படும்படி தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பாதி போய்விடும். மறுநாள் மாலை, வேப்பெண்ணெய் 5 மில்லியோடு சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து ஒரு லிட்டரில் கலக்கித் தெளியுங்கள். வாரம் ஒருமுறை என மூன்று வாரம். நீல நிற ஒட்டும் அட்டை ஒன்றைத் தாள் உயரத்தில் கட்டுங்கள். இதை அசட்டையாக விட்டால் இழப்பது தாள் மட்டுமல்ல. இலைப்பேன் சுரண்டிய காயத்தின் வழியாகத்தான் அடுத்து வரும் நோய் எளிதாக நுழைகிறது.

ஊதா நிறப் புள்ளி, அதைச் சுற்றி வளையம்

முதலில் வெள்ளையாகக் குழிந்த சிறு புள்ளி. பிறகு நடுவில் ஊதா, வெளியே மஞ்சள் விளிம்பு. பெரிதாகித் தாளையே மடக்கிவிடும். இது ஊதாப்புள்ளி நோய். மார்கழிப் பனியில் தாள் நெடுநேரம் ஈரமாக இருப்பதே இதற்கு வாய்ப்பு. மாலையில் தாளில் தண்ணீர் படாமல் வேரில் மட்டும் ஊற்றுங்கள். கரித்தூசி படியும் தெருவில் தாளைக் கழுவ வேண்டியிருந்தால் காலையில், வெயில் ஏறும் முன். மூன்று தாளுக்கு மேல் பரவினால் மேன்கோசெப் பூஞ்சைக்கொல்லி லிட்டருக்கு 2 கிராம் என்ற அளவில் தெளிக்கலாம். தெளித்த செடியின் தாளைச் சமையலுக்குப் பறிக்கக் கூடாது. அர்கா கல்யாண் இந்த நோயை ஓரளவு தாங்கும்.

தாள் திருகிச் சுருண்டு, கழுத்து நீண்டு வளைந்தால் அது திருகல் நோய். அந்தச் செடியைப் பிடுங்கிவிடுங்கள். மழைத்துளி தெறித்தே பக்கத்துப் பைக்குப் பரவும்.

மழைக்குப் பின் செடி மஞ்சளாகி, இழுத்தால் கையோடு வருகிறது

அடியழுகல். வேர்த் தட்டு பழுப்பாகி, வேர் ஒன்றுகூட இருக்காது. நோயுற்ற செடிக்கு மருந்து இல்லை. அந்த மண்ணில் குறைந்தது மூன்று ஆண்டு வெங்காயமும் பூண்டும் வைக்காதீர்கள்.

கார்த்திகைக்குப் பின் மழையுமில்லை, கர்ணனுக்குப் பின் கொடையுமில்லை என்பார்கள். அந்தப் பழமொழி மாதத்தைச் சொல்கிறது. நான் தீபத்தைச் சொல்வதாக எடுத்துக்கொண்டேன். 2023-இல் தீபம் நவம்பர் 26. மறுநாளே நாற்றைப் பிரித்து நட்டேன். டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் வந்தது. தெருவில் இடுப்பளவு தண்ணீர், மாடிக்கு ஏறிப் பார்க்கக்கூட முடியவில்லை. மழை விட்டுப் போய்ப் பார்த்தபோது பைகளெல்லாம் தொட்டியாகி நின்றன. முப்பது நாற்றில் தேறியது நான்கு. அதிலிருந்து மார்கழி பிறக்காமல் நடுவதில்லை. பைகளை இரண்டு செங்கல்மேல் ஏற்றி, அடியோரத்தில் பக்கத்துக்கு மூன்று துளை போடுகிறேன். தரையில் அப்படியே வைத்த பையின் அடித்துளை மாடித் தளத்தோடு ஒட்டி அடைபட்டுவிடும்.

ஒரு செடியில் இரண்டு காய், அல்லது பூத்தண்டு

முளைவிட்ட சமையலறை வெங்காயத்தை நட்டீர்களா? பத்தில் ஒன்பது பேர் ஆமாம் என்பார்கள். அந்த வெங்காயத்துக்குள் ஏற்கெனவே இரண்டு மூன்று குருத்து இருக்கும், ஒவ்வொன்றும் தனிச் செடியாகும். குளிர் மாதங்களில் விளைந்து வந்த காயாக இருந்தால் பூத்தண்டும் வரும். பூத்தண்டு போன செடியின் நடுவில் கட்டையான தண்டு ஓடும். அது பெரிதாகவும் ஆகாது, நாள்படவும் நிற்காது. தாளுக்காக மட்டும் அதை வளர்க்கலாம். பெரிய காய் விதையிலிருந்துதான்.

விதைச் செடியே இரட்டித்தால் தண்ணீர் ஒழுங்கில்லை. மூன்று நாள் காயவிட்டு ஒரே நாளில் நிறைய ஊற்றும்போது நடுக்குருத்து பிளவுபடுகிறது. கண்காட்சியில் இரட்டைக் காய்க்கு மதிப்பில்லை, ஆனால் சமையலுக்குக் குறையொன்றுமில்லை.

காய் பெரிதானது, கழுத்து மடியவில்லை

முதிர்ந்த செடியின் கழுத்து தானாகத் தளர்ந்து தாள் சாய வேண்டும். விறைப்பாக நின்றால் தழைச்சத்து மிகுதி. காலால் மிதித்துச் சாய்க்கும் பழக்கம் வேண்டாம், கழுத்து நசுங்கி அழுகும். தண்ணீரை நிறுத்திப் பத்து நாள் பாருங்கள். பருத்த கழுத்துக் காயை முதலில் சமைத்துவிடுங்கள், காட்சிவரை நிற்காது.

காயின் ஒரு பக்கம் வெள்ளையாக வெந்து, அமுக்கினால் உள்ளே போகிறது

மாடி வெயில். பங்குனியில் தளத்தின் சூடு கீழிருந்தும் ஏறும். காய் வெளியே தெரியத் தொடங்கியதும் மேற்குப் பக்கம் ஒரு பழைய வேட்டியைத் திரையாகக் கட்டுங்கள். வெந்த இடம் ஆறாது.

பிடுங்கிய பின் தோலுக்கடியில் கரித்தூள்

கரும்பூஞ்சை. ஈரத்தோடு அடுக்கி வைத்ததால் வருவது. தாளோடு பிடுங்கி, நிழலில், மின்விசிறிக் காற்றில் ஒன்றின்மேல் ஒன்று படாமல் பன்னிரண்டு நாள் உலர்த்துங்கள். கழுத்து காகிதம்போல் ஆனதும் இரண்டு விரற்கடை விட்டுத் தாளை அறுக்கலாம். மேலோட்டமாகப் பூஞ்சை பிடித்திருந்தால் அந்த அடுக்கோடு உரித்து எறிந்துவிட்டு உள்ளே இருப்பதைச் சமைக்கலாம். சதைக்குள் இறங்கியிருந்தால் முழுக் காயையும் எறியுங்கள்.

மேசைக்குப் போகும் காய்க்குச் சில வேலை உண்டு. கிழிந்த தோல் ஒன்றை மட்டும் நீக்குங்கள். பளபளப்புக்காக மேலும் உரித்தால் பச்சை வரிகள் தெரிந்துவிடும். வேரைத் தட்டோடு ஒட்ட வெட்டுங்கள். பிரிட்டனில் அறுத்த கழுத்தை மடித்து ராஃபியா நாரால் சுற்றுவார்கள். நான் பூ கட்டும் வாழைநாரை நனைத்துச் சுற்றுகிறேன், காய்ந்ததும் அதுவே இறுகிக்கொள்ளும். ஒரு பெரிய காயைவிட, ஒரே எடையும் ஒரே வடிவமும் உள்ள மூன்று காய்களே என் கண்ணுக்கு உயர்ந்தவை. பிரிட்டனிலும் 250 கிராமுக்கு மிகாத காய்களுக்கென்று தனிப் பிரிவு வைத்து, ஒன்றுபோல் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள்.

வாணலியில் பொன்னிறமாகாமல் வதங்கிக் கூழாகிறது

சாதாரண வெங்காயத்திலேயே 100 கிராமில் ஏறத்தாழ 88 கிராம் நீர். பெருத்த கிரானோ காயில் இன்னும் கூடுதல். அதைப் பிரியாணிக்கும், அத்தோ என்னும் பர்மா நூடுல்ஸுக்கும் பொரிக்க முயன்றால் எண்ணெயில் வெந்து கிடக்கும், முறுகாது. வியாசர்பாடியிலும் பர்மா பஜார்ப் பக்கத்திலும் அத்தோக் கடைகளில் மேலே தூவும் அந்த முறுகல் வெங்காயத்துக்கு, நெருக்கமாக நட்ட பையிலிருந்து வரும் கெட்டிச் சிவப்புக் காயை எடுங்கள். மெல்லிய சீவலாக்கி, துணியில் ஒற்றி, கொஞ்சம் கொஞ்சமாக மிதமான தீயில் பொரித்து, நிறம் முழுதாக ஏறும் முன்பே வடித்துவிடுங்கள். வெளியே எடுத்த பிறகும் நிறம் ஏறும்.

பெரிய காய் பச்சையாகச் சாப்பிடத்தான் பிறந்தது. காரம் குறைவு, சாறு அதிகம், கண்ணும் அவ்வளவாகக் கலங்காது. தயிர்ப் பச்சடிக்கும், அத்தோவில் முட்டைக்கோசோடு பச்சையாகப் பிசைவதற்கும், வட்டமாக வெட்டிய பஜ்ஜிக்கும் இதைவிட நல்லதில்லை. பச்சடி நீர்த்துப்போனால், நறுக்கியதில் உப்பைப் போட்டுப் பத்து நிமிடம் கழித்துப் பிழிந்துவிட்டுத் தயிரில் சேருங்கள். போட்டி முடிந்த காயை மேசையிலேயே அழகுக்கு வைத்திருக்காதீர்கள். நம் ஊர்க் காற்றில் மூன்றாவது வாரம் கழுத்து இளகத் தொடங்கிவிடும்.